காணாத படி

ஒரு பொருள் இருப்பதைக் கண்ணால் கண்டு அறிகிறோம். புகையைக் கண்டவிடத்து நெருப்பைக் கருதி அறிகிறோம். நேரில் காணாததை, அறிந்தோர் சொல்லக் கேட்டு அறிகிறோம். ஆனால் ஒரு பொருள் இல்லை என்பதை எதைக் கொண்டு அறிகிறோம் என்னும் வினா, கேட்கும்போது சிறுபிள்ளையின் வினாவாகத் தோன்றினும், நம் நாட்டுத் தத்துவ ஞானிகளைப் பல நூற்றாண்டுகள் வாதத்தில் நிறுத்திவைத்த வினாவாகும். இந்தத் தரையில் குடம் இல்லை என்கிறோம். இருக்கிற தரைதான் கண்ணில் படுகிறதேயன்றி, இல்லாத குடம் கண்ணில் படுவதற்கில்லை. அப்படியிருக்க, அதன் இன்மையை நமக்கு உணர்த்தியது எது? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும் அவர்களையொட்டி அத்வைதிகளும், காணாமையே இங்கு அறிவுக்குக் கருவி என்று கொண்டு, அனுபலப்தி எனத் தனியொரு பிரமாணத்தை வகுத்தார்கள். நியாய மதத்தார் அது பிரத்தியட்சத்திலேயே அடங்கிவிடும் என்று மறுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார், இன்மையறிவாகிய அபாவத்தையும் பிற அளவைகளோடு வைத்து எண்ணிவிட்டு, முடிவில் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடக்கினார்.

வாதம் எவ்வாறு போயினும், அதனுள் ஒரு நிபந்தனை உண்டு. குடம் அங்கே இருந்திருக்குமானால் அது கண்ணுக்குப் புலப்பட்டே தீரும் என்கிற யோக்கியதை இருக்கும்போதுதான், காணவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்குப் போக நமக்கு உரிமை உண்டு. இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று சாதிப்பவனுடைய பேச்சு செல்லாது. இருட்டில் நிற்பவனுக்காவது தான் இருட்டில் நிற்பது தெரியும். பார்வையின் ஒரு பாகத்தில் மட்டும் ஒளி அவிந்து, அவிந்தது அவனுக்கே தெரியாமலும் இருக்குமானால், அவன் எந்தப் பிரமாணத்தை நம்பி அடுத்த அடியை எடுத்துவைப்பான்? இதை வெறும் தர்க்க விநோதமாக நான் கேட்கவில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரையோடு நீண்டு கிடக்கும் தோல் தொழில் நாட்டில், விடியற்காலை பாங்கொலி கேட்டுப் பள்ளிவாசலுக்கும் மணியோசை கேட்டுக் கோயிலுக்கும் புறப்படும் முதியவர்களில் சிலருக்கு, இது நாள்தோறும் வாசற்படியிலேயே எதிர்ப்படும் வினாவாக இருக்கிறது.

கண்ணுக்குள் ஓயாமல் ஊறி ஓயாமல் வடிந்துகொண்டிருக்கும் தெளிந்த நீர் ஒன்று உண்டு. கண்பாவையைச் சூழ்ந்த நிறத்திரை, கண்ணின் முன்படலத்தோடு கூடுகிற கோணத்தில் அந்நீர் வடியும் வழி அமைந்திருக்கிறது. அந்த வழி உள்ளுக்குள்ளேயே சிறிது சிறிதாகத் தூர்ந்துபோனாலும், நிறத்திரை முன்னுக்கு நகர்ந்து கோணத்தையே அடைத்துவிட்டாலும், கண்ணின் உள்ளழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகளால் ஆன பார்வை நரம்பு இழையிழையாக மடிகிறது. அழுத்தம் இயல்பான அளவில் நிற்கும்போதே நரம்பு தேய்ந்து போகிறவர்களும் உண்டு. எவ்வகையாயினும், மடிந்த இழையை மீட்க இன்றுவரை மருந்தில்லை. இதையே கிளாக்கோமா என்றும் கண்நீர் அழுத்த நோய் என்றும் சொல்லுகிறார்கள். பெரும்பாலோருக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. எல்லாவற்றிலும் விபரீதம், நடுப்பார்வை நெடுங்காலம் கெடாமல் நிற்பதுதான். ஓரங்கள் தேய்ந்துகொண்டிருக்கையிலேயே அவர் ஊசியில் நூல் கோப்பார். குர்ஆனோ தேவாரமோ எழுத்துப் பிசகாமல் ஓதுவார். எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் கண்டு நலம் விசாரிப்பார். தமக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று அவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை.

இழந்துபோன இடம் அவருக்குக் கறுப்பாகவும் தெரிவதில்லை. இந்நோயை விளக்கும் படங்களில் சுற்றிலும் கரிய வட்டமும் நடுவில் ஒளியுமாகத் தீட்டிக் காட்டுவது வழக்கம். லண்டனில் நோயாளிகளிடம் பலவகைப் படங்களைக் காட்டி, உங்கள் பார்வை இவற்றில் எதைப் போன்றது என்று கேட்டு 2013-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், அந்தக் கரிய வட்டத்தைத் தேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. சில பகுதிகள் மங்கலாயிருக்கின்றன என்றும், சில பொருள்கள் காணாமற்போகின்றன என்றும்தான் அவர்கள் சொன்னார்கள். பார்வை அறுந்த இடத்தை மனம் அண்டையிலுள்ள தரையின் நிறத்தைக் கொண்டே நிரப்பிவிடுகிறது. படி இருந்த இடத்தில் சமதரை தோன்றுகிறது. மீமாம்சகர் கேட்ட யோக்கியதை அங்கே இல்லை. இல்லை என்பதற்குச் சாட்சியும் இல்லை. அவித்தை என்று நம் முன்னோர் சொன்னதன் இயல்பு, அறியாததோடு நில்லாமல், அறியாததை அறிந்ததாகக் காட்டுவது என்பர். அந்த இயல்பை இவ்வளவு தெளிவாகச் சரீரத்திலேயே காட்டும் வியாதி வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

வேலூருக்கும் இந்த நோய்க்கும் உள்ள சம்பந்தம் தற்செயலானது அன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் சிறிய வைத்தியசாலையாகத் தொடங்கி, 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக எழுப்பிய கட்டடம், பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாயிற்று. அக்கல்லூரியைச் சேர்ந்த ரவி தாமஸ் முதலிய மருத்துவர்கள் வேலூர் நகரத்தில் 30 முதல் 60 வயது வரையுள்ள 972 பேரைப் பரிசோதித்து 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்தியாவில் இந்நோயைப் பற்றிய கருத்தையே மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. மேல்நாட்டுப் பாடநூல்களில் பெரும்பான்மையாகச் சொல்லப்பட்டது, கோணம் திறந்தபடி இருக்கும் வகை. வேலூரிலோ, அப்போது கொண்டிருந்த வரையறைப்படி, ஆயிரம் பேரில் 4 பேருக்கு அந்த வகையும் 43 பேருக்குக் கோணம் அடைபடும் வகையும் காணப்பட்டன. கோணம் அடைபடுவது பெண்களிடம் மிகுதி. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் மேல்தோலைத் தைப்பவர்களும் ஒட்டுபவர்களும் பெரும்பாலும் பெண்களே என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். உரிய காலத்தில் கண்டுகொண்டால், லேசர் ஒளியால் நிறத்திரையில் சிறு துளையிட்டு நீருக்கு வழி செய்துவிடலாம். அது சில நிமிஷ வேலை. ஆனால் கண்டுகொள்வதுதான் அரிதாயிருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையார் தென்மாவட்டங்களில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கோணம் திறந்த வகை நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேர், தங்களுக்கு அந்நோய் இருப்பதையே அதற்கு முன் அறியாதவர்களாக இருந்தார்கள்.

இனி நடையைப் பார்ப்போம். கண் நல்ல நிலையிலுள்ளவர் நடக்கும்போது தம் பாதத்தைப் பார்ப்பதில்லை. நோக்கு சில அடிகள் முன்னே சென்றுகொண்டிருக்க, காலடியின் மேடு பள்ளங்களைப் பார்வையின் கீழோரம், அவர் கவனத்தைக் கேளாமலே, கண்டு காலுக்குச் சொல்லிவிடுகிறது. அந்தக் கீழோரம் தேய்ந்தவருக்கு அந்தச் செய்தி வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2011-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பார்வையின் கீழ்ப்பாதியை இழந்த முதியவர்களே அதிகம் விழுகிறார்கள் என்று காட்டிற்று. இந்நோயுள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்தில் ஒரு பங்கு மெதுவாக நடக்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் 1999-லேயே அளந்து சொன்னார்கள். முந்திய ஓராண்டில் ஒருமுறையாவது விழுந்திருக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல் என்று கனடாவில் 2007-ல் கணக்கிட்டார்கள். வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போகும்போது கண் பழகத் தாமதமாவதும், சாம்பல் நிறத் தரையையும் சாம்பல் நிறப் படியையும் பிரித்தறியும் சக்தி குறைவதும் இதனோடு சேர்கின்றன. வாசிப்பதற்காக அணியும் இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி, எஞ்சியிருக்கும் சிறிது கீழ்ப்பார்வையையும் கலங்கச் செய்துவிடுகிறது.

தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய முறையில், சுண்ணாம்புத் தொட்டிகள் தரையோடு தரையாக இறக்கப்பட்டிருக்கும். ஈரத்தோலைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள குறுகிய வரப்பில் நடக்க வேண்டும். காலடியில் நீரும் கொழுப்பும் சுண்ணாம்பும் கலந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். குரோமியமும் சுழலும் டிரம்மும் வந்த பிறகும் தரை ஈரமாகவே இருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் அந்த வரப்புகளில் நடந்து பழகிய கால்களுக்கு ஒரு ஞாபகம் உண்டு. கண் தேயத் தொடங்கிய பின்னும் அந்தக் கால்களின் ஞாபகத்தாலேயே ஒருவர் பல காலம் விழாமல் காலம் தள்ளிவிடக்கூடும். வேலையை விட்டு வீட்டிலிருக்கத் தொடங்கி, பழகாத பாதையில் நடக்கும்போதுதான், மூடியில்லாத சாக்கடையும், வீதியை உயர்த்திப் போட்டதால் தாழ்ந்துபோன வாசலும், வண்டி ஏறுவதற்காகச் சரித்துக் கட்டிய சிமெண்டு மேடும் அவரைத் தடுமாறச் செய்கின்றன.

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், அடுத்த கணமே, பார்த்து நடக்கக் கூடாதா என்று கேட்கிறோம். அன்பினால் கேட்பதுதான். ஆயினும் அந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அவர் பார்த்துத்தான் நடந்தார். அவருடைய கண் அவருக்கு, அங்கே ஒன்றுமில்லை என்று சாட்சி சொல்லிற்று. அந்தச் சாட்சியை நம்பியே கால் வைத்தார். பொய்ச் சாட்சியை நம்பிய நீதிபதியிடம் நாம் குற்றம் காண்பதில்லையே. குற்றம் எங்கே இருக்கிறது என்னும் இந்த விசாரத்தைத் தம்மபதத்தின் முதல் செய்யுளுக்கு உரைகாரர் சொல்லும் கதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. சக்குபாலர் என்னும் தேரர் இரு கண்ணும் இழந்தவர். மழை பெய்து ஓய்ந்த பின் அவர் உலாவிய பாதையில் பூச்சிகள் மிதிபட்டு இறந்து கிடக்கக் கண்ட பிக்குகள் புத்தரிடம் சென்று முறையிட்டார்கள். அவர் மிதித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று புத்தர் கேட்டார். இல்லை என்றார்கள். நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் அந்த உயிர்களைக் காணவில்லை. கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை என்பது புத்தர் தந்த தீர்ப்பு.

அதே கதை, முற்பிறப்பில் வைத்தியராயிருந்த சக்குபாலர் ஒரு பெண்ணின் கண்களை வேண்டுமென்றே கெடுத்த வினையே இப்பிறப்பில் அவரைத் தொடர்ந்தது என்றும் சொல்லுகிறது. நம் ஊர்களில் கண் போனவரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாகந்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்: வினைக் கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தானே தாங்கிக்கொள்வதற்காகத் தன்னிடம் சொல்லிக்கொள்ள வேண்டியது, அடுத்தவனுடைய துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்காக அவனிடம் சொல்ல வேண்டியதன்று. முழங்கால் சிராய்த்துக் கிடப்பவரிடம் அவருடைய முற்பிறப்பைப் பேசுபவன், சாக்கடைக்கு மூடி போட வேண்டியது இப்பிறப்பில் தன் கடமை என்பதை மறந்துவிடுகிறான்.

இனி இதைவிடக் கடினமான வினா ஒன்று இருக்கிறது. விழக்கூடும் என்பதை அறிந்துகொண்டபின், இறைவனைத் தொழுவதற்காக இருட்டில் நடந்து செல்வது பக்தியா, அல்லது இறைவன் தந்த உடலைப் பேணாத பிழையா? திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி இரவில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலால் சுற்றிவரும் முதியவளுக்கும் இந்த வினா உண்டு. ஆம்பூரில் ஃபஜ்ர் தொழுகைக்குப் புறப்படுபவருக்கும் உண்டு. இஸ்லாமிய மரபு இதை எடுத்துக்கொண்ட விதம் மிகவும் நுட்பமானது என்று எண்ணுவதால் அதைச் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

மதீனாவில் பார்வையற்ற ஒருவர் நபிகள் நாயகத்திடம் வந்து, தம்மைப் பள்ளிவாசலுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லை என்று சொல்லி, வீட்டிலேயே தொழ அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. அவர் திரும்பும்போது மறுபடி அழைத்து, பாங்கு உமக்குக் கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றார். அப்படியானால் வாரும் என்பது விடையாயிற்று. அவர் இப்னு உம்மு மக்தூம் என்று அபூதாவூதின் தொகுப்பு கூறுகிறது. இதற்கு எதிராகத் தோன்றும் இன்னொரு நிகழ்ச்சியும் புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. இத்பான் இப்னு மாலிக் என்பவர் பத்ருப் போரில் கலந்துகொண்டவர். தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்தியவர். அவருடைய பார்வை குன்றத் தொடங்கிற்று. மழை பெய்தால் தம் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவிலுள்ள ஓடையில் வெள்ளம் வந்துவிடுகிறது. தம்மால் கடந்து போக முடியவில்லை. தாங்கள் என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அதையே என் தொழுமிடமாக வைத்துக்கொள்வேன் என்று வேண்டினார். நாயகம் அவர்கள் அபூபக்ரோடு அவருடைய வீட்டுக்கே நடந்து வந்தார்கள். உட்காருவதற்கு முன்னே, எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று கேட்டு, அவர் காட்டிய மூலையில் இரண்டு ரக்அத் தொழுதார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது அதைக் கண்டவர்களுக்கு இத்பானின் ஓடையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் எவ்வாறு பொருத்துவது? முதலாமவர் கேட்டது, வீட்டில் தொழுதுகொண்டே கூட்டுத் தொழுகையின் முழு நன்மையும் தமக்குக் கிட்டுமா என்பதை. அதற்கு இல்லை என்று விடை வந்தது. மற்றபடி, தக்க காரணம் உடையவர் வீட்டில் தொழலாம் என்பதற்கு இத்பானின் நிகழ்ச்சியே சான்று என்று, தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த இமாம் நவவி 13ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையில் தெளிவுபடுத்தினார். உரையாசிரியருடைய சமாதானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆயினும் இரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாயுள்ள ஒன்றைக் குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வருவதானாலும் வராமலிருப்பதானாலும், அந்த மனிதரைத் தொழுகையிலிருந்து விலக்கிவைக்க யாரும் நினைக்கவில்லை. ஒருவருக்கு, நீர் வேண்டப்படுகிறவர், வாரும் என்று சொல்லப்பட்டது. மற்றவருக்கு, அவர் வரமுடியாத இடத்திலிருந்து தொழுகையே அவருடைய வீட்டுக்கு நடந்து வந்தது.

இப்னு உம்மு மக்தூமைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவர் மதீனாவில் விடியற்காலைப் பாங்கு சொல்லும் பொறுப்பிலிருந்தார். கிழக்கு வெளுத்ததைத் தாமே காண முடியாத அவர், விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்ட பிறகே குரலெழுப்புவார். ஓர் ஊர் முழுவதும் தன் நோன்பையும் தொழுகையையும் எவருடைய குரலைக் கொண்டு தொடங்கியதோ, அவர் பிறருடைய சொல்லைக் கொண்டு விடியலை அறிந்தார். காண்டல் தவறியவிடத்து உரை நிற்கும் என்று நம் அளவை நூலார் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், சொல்லும் சொல் ஒரு பிரமாணம் என்று ஏற்றுக்கொள்வது கண்ணிழந்தோருக்கு மட்டும் விதித்த சலுகையன்று. ஆனால் தன் கண் தன்னிடம் பொய் சொல்லுகிறது என்பதை அறியவே ஒருவனுக்குப் பிறர் சொல் தேவைப்படுகிற இந்த நோயில், அது தவிர்க்க முடியாத பிரமாணமாகிவிடுகிறது. பார்வைப் பரப்பை அளக்கும் கருவியின் முன் தாடையை ஊன்றி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு வந்தவரிடம், கீழ்ப்பக்கத்தில் இத்தனை புள்ளிகளை நீங்கள் காணவில்லை என்று மருத்துவர் காட்டும் படமும் உரைதான். 'மாமா, முன்னே படி இருக்கு' என்று மருமகள் சொல்லுவதும் உரைதான். எனக்குத் தெரியாதா என்று கோபித்துக்கொள்ளாமல் அதை ஏற்பதற்கு ஒரு பணிவு வேண்டும். அந்தப் பணிவையும் சிரத்தை என்றே நான் கருதுவேன்.

பெரியபுராணத்தில் தண்டியடிகள் கதையைப் பலர் அதிசயத்துக்காகப் படிக்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற அவர், திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து போவதைக் கேட்டறிந்து, அதைத் தோண்டி அகலமாக்க விரும்பினார். குளத்துக்குள் ஒரு கோல், கரைமேல் ஒரு கோல் நட்டு, இரண்டுக்கும் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து, அதைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். சமணரோடு நேர்ந்த விவாதமும், அவர் கண் பெற்றதுமான பின்கதையை நான் தொடவில்லை. அற்புதத்துக்கு முன்னே நடந்த அந்தக் கயிற்று வேலையே எனக்குப் பேரற்புதமாகத் தோன்றுகிறது. தாம் எதைக் காணமாட்டோம் என்பதை அவர் ஐயமறத் தெரிந்துவைத்திருந்தார். ஆகவே கண் செய்ய வேண்டியதைக் கைக்கு மாற்றினார். குளத்தில் இறங்குவது ஆபத்து என்று யாரும் அவரை வீட்டில் உட்காரவைக்கவில்லை. உட்காரவைத்திருந்தால் அவர் நாயனாராகியிருக்கமாட்டார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை விழுந்தவரை மறுபடி வெளியே அனுப்பாமலிருப்பதுதான் பாதுகாப்பு என்று குடும்பத்தார் தீர்மானித்துவிடுகிறார்கள். அவரும் அஞ்சி ஒடுங்குகிறார். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வில்மர் கண் நிலையத்தில் பிரதீப் ராமுலு முதலியோர் செய்த ஆராய்ச்சிகள், இந்நோயில் பார்வைப் பரப்புத் தேயத் தேய, விழுவோம் என்கிற அச்சம் கூடுவதையும், நாளொன்றுக்கு நடக்கும் அடிகள் குறைவதையும் காட்டியிருக்கின்றன. நடக்காத கால் வலுவிழக்கிறது; வலுவிழந்த கால், நடக்கும் சில அடிகளிலும் தடுமாறுகிறது. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்றவர், கோயிலில் நந்திக்கருகே தம் இடமென்று ஓர் இடம் வைத்திருந்தவர், கட்டிலோடு ஒதுங்கிப்போகும்போது இழப்பது பார்வையை மட்டுமன்று. துணையின்றி இருட்டில் புறப்படுகிற பிடிவாதத்தை வைராக்கியம் என்று புகழ்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு அவரை அன்பின் பெயரால் சிறைவைப்பதும்.

அப்படியானால் கயிறு கட்ட வேண்டியவர் யார்? குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்கலாகாது என்பது மோசே பெற்ற கட்டளைகளில், லேவியராகமத்தில், இருக்கிறது; அது நடப்பவனுக்கு இட்ட கட்டளையன்று, வழியில் இருப்பவர்களுக்கு இட்ட கட்டளை. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் தூய யோவான் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் எந்தச் சமயத்தவருடைய தொழுமிடமானாலும் அதன் வாசலில் ஒரே தடையைக் காணலாம். நாட்டுக்கும் மேல்நாட்டுக்கும் செருப்பும் ஷூவும் தைத்தனுப்பும் ஊரிலேயே, தொழ வருகிறவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் வாசற்படியின்மேலும் கீழும் சிதறிக் கிடக்கின்றன. கீழ்ப்பார்வை இழந்த முதியவர் அந்தக் குவியலைக் கடந்துதான் இறைவனிடம் செல்ல வேண்டியிருக்கிறது. செருப்புக்கு ஒரு பக்கமாகத் தட்டு அமைப்பதும், படியின் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் வர்ணம் அடிப்பதும், ஒளுச் செய்யும் தொட்டியருகேயும் கோயில் குளத்துப் படியிலும் கைப்பிடிக் கம்பி நாட்டுவதும், விடியற்காலையில் வாசல் விளக்கை முன்னதாகவே ஏற்றிவைப்பதும் ஜமாஅத்தாலும் தர்மகர்த்தாக்களாலும் சபையாராலும் ஒரு வாரத்தில் முடியக்கூடியவை. ஆயிரக்கணக்கில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் கம்பெனிகள், நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொருமுறை கண்ணழுத்தமும் கண்ணின் கோணமும் பார்வை நரம்பும் பரிசோதிக்க ஏற்பாடு செய்வதை இதே கடமையில் சேர்ப்பேன். எழுத்தட்டையை வாசிக்கச் சொல்லி அனுப்பிவிடும் பரிசோதனையில் இந்நோய் அகப்படாது.

நடப்பவருக்குக் கடமை இல்லையென்று ஆகிவிடாது. சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்து திருவொற்றியூரிலிருந்து புறப்பட்டு வந்தபோது, திருவெண்பாக்கத்தில் இறைவன் கண்ணைத் தராமல் ஊன்றுகோலைத் தந்தான் என்பது வரலாறு. அவருக்கு அது மனக்குறைதான். ஆயினும் அதைப் பிடித்துக்கொண்டே காஞ்சிக்குச் சென்றார். கோல் பிடித்தால் கிழவன் என்பார்கள், குருடன் என்பார்கள் என்று கூசும் நம்மவர்கள் அந்த நாயனாரை நினைத்துக்கொள்ளலாம். மருந்தைத் தவறாமல் விட்டுக்கொள்வதும் அந்தக் கோலைப் போன்றதே: போனதை அது திருப்பித் தராது, மிஞ்சியிருப்பதைப் போகாமல் காக்கும். டைமோலால் போன்ற சில சொட்டுகள் நாடித்துடிப்பை மந்தப்படுத்தித் தலைசுற்றலை உண்டாக்கக்கூடும். அதுவே விழுவதற்குக் காரணமாகாதபடி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை விரலால் சிறிது நேரம் அழுத்திக்கொள்ளவும் வேண்டும்.

சக்குபாலர் கண்ணிழந்த விதத்தையும் அந்தத் தம்மபத உரை சொல்லுகிறது. மழைக்கால மூன்று மாதமும் படுப்பதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார். கண் நோய் வந்தது. வைத்தியன் மருந்தைப் படுத்த நிலையில் விட்டுக்கொள்ளச் சொன்னான், அவர் உட்கார்ந்தபடியே விட்டுக்கொண்டார், நோய் தீரவில்லை. ஞானம் அடைந்த அதே கணத்தில் கண்ணும் போயிற்று என்று உரைகாரர் வியந்து எழுதுகிறார். அந்த மகானுடைய உறுதியை அளக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் தாமாக ஏற்ற விரதம் அது. எந்தச் சட்டமும் அவரிடம் கண்ணைக் கேட்கவில்லை. எந்தச் சட்டமும் கேளாதிருக்கையில் கண்ணைக் கொடுப்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். ரமலான் வந்ததும், சொட்டு மருந்து நோன்பை முறித்துவிடுமோ என்று அஞ்சி, பகல் வேளை மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சிலர் மாதம் முழுவதுமே நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தம் மறுபடி ஏறுவது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. கண்ணில் விடும் மருந்து நோன்பை முறிக்காது என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும் அதுவே. சந்தேகம் உள்ளவர் தம் ஊர் ஆலிமைக் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். ஆலிம்களும் அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல், நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமைப் பயானில் இரண்டு நிமிஷம் இதற்கு ஒதுக்கி, மருந்தை நிறுத்தாதீர்கள் என்று மிம்பரிலிருந்து சொல்லிவிடுவார்களானால், பாலாற்றங்கரை ஊர்களில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் முப்பது நாளும் திறக்காமல் கிடக்கும் மருந்துப் புட்டிகள் தினம் இரவும் பகலும் வெளியே எடுக்கப்படும்.